அம்மா படுத்துவிட்டால் அடுப்பைப் பற்ற வைப்பது யார்?

(அணுபுரத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் கடைசியில் உள்ளன.)



இன்றைய தலைப்பு "ஃப்ளூ பெருந்தொற்றுக்கு முன்தயாரிப்பு" என்று அறிவித்ததும், பின்வரிசையில் ஒரு அக்கா "மறுபடியுமா!" என்றது என் காதில் விழுந்தது. நியாயம்தான். கொரோனா என்ற பேரைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்குது. ஆனால் நான் பேச வந்தது கொரோனாவைப் பற்றி இல்லை. அதைவிடப் பழைய ஆள் ஒருத்தன் இருக்கான். அவன் பேர் இன்ஃப்ளூயன்சா. நாம சுருக்கமா ஃப்ளூ என்கிறோம்.

வருஷா வருஷம் மழைக்காலத்தில் வரும் ஃப்ளூ காய்ச்சல் உங்களுக்குத் தெரியும். திடீர்னு காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். ஒரு வாரத்தில் பெரும்பாலோர் எழுந்துவிடுவோம். அதே கிருமி சில சமயம் முழுசா உருமாறி, யார் உடம்பும் முன்னே பார்க்காத வேஷத்தில் வரும். அப்போது ஒருவர் உடம்பிலும் எதிர்ப்பு இருக்காது. ஒரே நேரத்தில் ஊர், நாடு, உலகம் என்று பரவும். அதைத்தான் பெருந்தொற்று என்கிறார்கள். கடந்த நூற்றுச் சில வருஷங்களில் ஃப்ளூ மட்டும் நான்கு முறை அப்படி வந்திருக்கிறது. 1918, 1957, 1968, 2009. அடுத்தது எப்போது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வராது என்று சொல்கிற டாக்டரும் கிடையாது.

1957-ஆம் வருஷக் கதை நம் பக்கத்துக் கதை. அந்த மே மாதம் சிங்கப்பூரில் இருந்து வந்த கப்பலோடு அந்தக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. எந்தத் துறைமுகத்தில் என்று நினைக்கிறீர்கள்? நம்ம மெட்ராஸ் துறைமுகம்! அங்கிருந்து சில வாரங்களுக்குள் நாடு முழுக்கப் பரவியது. மறுவருஷம் பிப்ரவரி வரைக்கும் அரசாங்கக் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சம் பேர். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். நம் குன்னூரில் இருந்த இன்ஃப்ளூயன்சா ஆய்வு மையத்தார் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கப்பலில் வந்தது, 2009-ல் விமானத்தில் வந்தது. பன்றிக் காய்ச்சல் என்று பேர் வைத்தோமே, அதுதான். 2009 ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் நமக்கு எவ்வளவு தூரம்? ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். இரண்டும் நம்மைத் தொட்டுக்கொண்டு போகிறது. மாமல்லபுரத்துக்கு எந்த நாட்டுக்காரர்தான் வருவதில்லை? ஆகவே "நம்ம ஊருக்கெல்லாம் எங்கே வரப் போகுது" என்ற பேச்சு வேண்டாம்.

1918-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவா சொல்லணும். அது ரொம்பக் கொடுமை. முதல் உலகப் போர் முடிகிற நேரம். பம்பாய் வழியாக வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவே நம் நாட்டின் ஜனத்தொகை ஏறவில்லை, குறைந்தது. சென்சஸ் எடுத்த காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில் மட்டும்தான். கிழம் கட்டைகள் சாவது வேறு. அந்தக் காய்ச்சல் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை அதிகமாகக் கொண்டுபோனது. அதிலும் நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள்.

ஏன் பெண்கள்? இதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கேளுங்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் பெண். மிச்சம் மீதியைச் சாப்பிட்டவள் பெண். நோயாளி பக்கத்தில் ராப்பகலா உட்கார்ந்து கஞ்சி கொடுத்து, சளி துடைத்து, துணி அலசியவளும் பெண். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்க எழுந்து நிற்கிற நிலையில் வீட்டில் ஆள் இல்லை. நூறு வருஷம் ஆகிவிட்டது. இந்த விஷயம் மட்டும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். 2020-ல் உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டது?

(கூட்டத்தில் சிரிப்பு.)

சிரிக்கிறீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நான் பேச வந்த விஷயமே இதுதான்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஆபத்து புதுசு இல்லை. 2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுமா? கல்பாக்கத்திலும் சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் குப்பங்களிலும் என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சுனாமி ஒரு காலைப்பொழுதில் வந்து போய்விட்டது. சாயங்காலமே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். அடுத்த நாளில் இருந்து லாரி லாரியாக வெளி மாவட்டத்தில் இருந்து சாமான் வந்தது. கடல் தொட்ட ஊருக்கு, கடல் தொடாத ஊர் உதவியது.

பெருந்தொற்றில் அந்த லாரி வராது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றத்தில் காய்ச்சல் என்றால் மதுராந்தகத்திலும் காய்ச்சல், சேலத்திலும் காய்ச்சல். லாரி ஓட்டுகிறவருக்கும் காய்ச்சல். நர்ஸம்மாவுக்கும் காய்ச்சல். 2021 மே மாதம் சென்னைப் பெரியாஸ்பத்திரி வாசலில் படுக்கைக்குக் காத்துக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் வரிசையா நின்றதை டி.வி.யில் பார்த்தோமே. ஆகையால், அந்த இரண்டு மூன்று வாரத்துக்கான உதவி ஏற்கெனவே நம் தெருவுக்குள் இருக்க வேண்டும். நம் தெருவுக்குள் இருக்கிற ஒரே ஏற்பாடு எது? பேரேடும் தீர்மான நோட்டும் வைத்துக்கொண்டு, வாரா வாரம் கூடி, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்து வைத்திருக்கிற நம் குழுக்கள்தான்.

முதலில் வீட்டைப் பார்ப்போம்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்று வைத்தால், பதினைந்து நாளைக்கு இருபத்திரண்டரைக் கிலோ. இதை ஒரேடியா வாங்க நம்மில் பாதிப் பேரால் முடியாது. வாங்கவும் வேண்டாம். நம் குழுக்களில் பிடி அரிசி சேமிப்பு நடத்தியது ஞாபகம் இருக்கா? உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். மாசக் கடைசியில் புது அரிசியை உள்ளே வைத்து, பழசை எடுத்துச் சமையுங்கள். வேப்பிலை இரண்டு கொத்து போட்டால் வண்டு வராது. அதோடு பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய், கேழ்வரகு மாவு, அவல், உடைத்த கடலை. கருவாடும் வத்தலும் நமக்குச் சொல்லித் தரணுமா என்ன! 2020 ஏப்ரலில் அரசாங்கம் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகக் கொடுத்தது, ஆயிரம் ரூபாயும் கொடுத்தது. 2021-ல் நாலாயிரம் ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுத்தது. அதெல்லாம் பெரிய உதவி. ஆனால் டோக்கன் வந்து, நாள் வந்து, கடைக்குப் போய் வாங்கிவர வீட்டில் ஒருவர் எழுந்து நடமாட வேண்டுமே!

மருந்து விஷயம் இதைவிட முக்கியம். சர்க்கரை, பிரஷர், இருதயம், வலிப்பு, டி.பி., ஆஸ்துமா — இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு மாத மாத்திரை கையில் இருக்கணும். தீர்ந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பழக்கத்தை விடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வலர்கள் நம் மாதிரி குழுக்களில் இருந்து வந்த பெண்கள்தான். பாராசிட்டமால் ஓர் அட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று, சோப்பு, பிளீச்சிங் பவுடர், துவைத்துப் போடுகிற துணி மாஸ்க் ஆளுக்கு இரண்டு. 2020-ல் தமிழ்நாடு முழுக்கக் குழுப் பெண்கள்தானே மாஸ்க் தைத்துக் கொடுத்தார்கள்! அந்த அளவும் தையலும் இன்னும் கை மறக்கவில்லை.

ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகம், கர்ப்பிணி என்றால் தாய்சேய் அட்டை. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இல்லை!

அடுத்தது, நோயாளியை எங்கே படுக்க வைப்பது? "தனி அறையில் வையுங்கள்" என்று டி.வி.யில் சொல்கிறார்கள். நம் வீடே ஓர் அறைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கு. ஜன்னல் பக்கம், இல்லையென்றால் வாசல் பக்கம், திண்ணை இருந்தால் திண்ணை. காற்று நோயாளியைத் தாண்டி வெளியே போகிற மாதிரி படுக்க வையுங்கள். நடுவில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டலாம். மற்றவர்கள் தலையை எதிர்ப்பக்கம் வைத்து, குறைந்தது மூன்றடி தள்ளிப் படுக்கணும். இருமுகிறவர் மாஸ்க் போடட்டும். தட்டு, டம்ளர், துண்டு தனி. சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். இந்தக் கிருமி சோப்புக்கு நிற்காது. ஃப்ளூ வேகமானது. ஒட்டிய இரண்டு நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும், வந்தபின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். காய்ச்சல் விட்ட மறுநாளே நூறு நாள் வேலைக்கோ, பிள்ளையைப் பள்ளிக்கோ அனுப்பினால் அங்கே பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

கவனிப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் போய் உட்கார வேண்டாம். கர்ப்பிணியும், வயசானவர்களும் கவனிக்கிற வேலைக்குப் போகக் கூடாது. கர்ப்பிணிகளை இந்தக் காய்ச்சல் மற்றவர்களைவிட மோசமாகத் தாக்கும். 2009-லும் அதுதான் நடந்தது. பால் கொடுக்கிற தாய்க்குக் காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்தக் கூடாது. மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம்.

சரி, அந்த ஒரே ஆள் யார்? நீங்கதான். எல்லா வீட்டிலும் நீங்கதான். நீங்கள் படுத்தால்?

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு ஒத்திகை என்றால் என்ன என்று தெரியும். அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். அவசர நிலை ஒத்திகை என்று மாவட்ட நிர்வாகம் நடத்தும்போது, "வீட்டுக்குள் போங்க, கதவை மூடுங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டு வண்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நடக்கவே வேண்டாம் என்று நினைக்கிற ஒன்றுக்கு அவர்கள் அத்தனை ஒத்திகை பார்க்கிறார்கள். நூறு வருஷத்தில் நான்கு முறை வந்த காய்ச்சலுக்கு நாம் ஒரு ஒத்திகை பார்க்கக் கூடாதா?

நான் சொல்கிற ஒத்திகைக்கு வண்டி வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாயைப் போட்டுப் படுத்துவிடுங்கள். காய்ச்சல் வந்த மாதிரி. காலை முதல் ராத்திரி வரை எழுந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைக்கட்டும். பையன் கஞ்சி காய்ச்சட்டும். கஞ்சி குழைஞ்சு போகட்டும், அடிப்பிடிக்கட்டும், வாயைத் திறக்காதீங்க! உப்பு டப்பா எது, பருப்பு எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, பாட்டி மாத்திரையில் காலை எது ராத்திரி எது, பிள்ளைக்குப் பால் எப்போது, ஆட்டுக்குத் தழை எங்கே இருக்கு — அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். சாயங்காலம் அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் எது குறைகிறது என்பதை ஆபீசர் வந்து சொல்ல வேண்டாம். அந்தச் சீட்டே சொல்லும்.

"என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கமே வரமாட்டாரே" என்று முணுமுணுப்பது கேட்குது. வரவைக்கணும் அக்கா. பன்னிரண்டு வயசுப் பையனுக்கும் கஞ்சி காய்ச்சவும் தெர்மாமீட்டர் பார்க்கவும் தெரியணும். பெண் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு தயார் என்று நினைத்தால், 1918-ல் நடந்ததையே மறுபடியும் நாமே நடத்துகிறோம்.

இனி, ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது. பெரும்பாலான ஃப்ளூ காய்ச்சல் வீட்டிலேயே ஆறும். ஓய்வு, கஞ்சி, நிறையத் தண்ணீர். பெரியவர்களுக்குக் காய்ச்சலுக்கு 500 மில்லி பாராசிட்டமால் ஒன்று, ஆறு மணி நேரம் விட்டு. டாக்டரைக் கேட்காமல் நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் மருந்து, நர்ஸைக் கேளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மெடிக்கலில் போய் "ஏதாவது பவரா கொடுங்க" என்று ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கென்று ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். டாக்டர் சொல்லித்தான் சாப்பிடணும். அதனால் கர்ப்பிணி, கைக்குழந்தை, அறுபது தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதல் நாளிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர்கள் இருக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு ஆபத்து அடையாளம் என்ன? மூச்சு. மூச்சைத்தான் பார்க்கணும். நோயாளி அமைதியாப் படுத்திருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க, கடிகாரம் வைத்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்கு நாற்பதைத் தொட்டால் ஆபத்து. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஐம்பது. இரண்டு மாதத்துக்குள் இருக்கிற பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டியதுதான். உதடு நீலம் பாய்வது, நெஞ்சு வலி, பேச்சு குழறுவது, எழுப்ப முடியாத தூக்கம், குழந்தை பால் குடிக்காமல் இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே 108. இன்னொன்று, காய்ச்சல் விட்டு நல்லாயிட்டாங்க என்று நினைத்த பிறகு மறுபடியும் காய்ச்சலும் இருமலும் ஏறினால் அது நிமோனியாவாக இருக்கலாம். அங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பாத்திரத்தைப் பிள்ளை பக்கத்தில் வைத்துக் கொட்டிக்கொண்ட கதை நான் நிறையப் பார்த்தவள். 2021-ல் பொது இடத்தில் கூட்டமாக ஆவி பிடிக்க ஆரம்பித்து, அதனால் தொற்று பரவும், வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது குழு என்ன செய்யணும் என்று பார்ப்போம்.

முதல் வேலை தெருப் பட்டியல். ஒரு குழுவுக்கு ஒரு தெரு. தனியா இருக்கிற கிழவி யார், கர்ப்பிணி யார், கைக்குழந்தை எந்த வீட்டில், டயாலிசிஸ் போகிறவர் யார், நடக்க முடியாதவர் யார், வெளியூர்க்கார செங்கல் சூளைக் குடும்பம் எது — பேர், போன் நம்பர், சாப்பிடுகிற மாத்திரை. ஒரு நோட்டு போதும். குழுவில் இல்லாத வீட்டையும் எழுதணும். "அவங்க நம்ம குழு இல்லையே" என்றால் காய்ச்சல் கேட்காது. பிறகு இரண்டிரண்டு வீடாகச் சேர்த்துவிடுங்கள். உன் வீட்டில் எல்லோரும் படுத்தால் நான் வாசலில் கஞ்சி வைக்கிறேன், என் வீட்டில் படுத்தால் நீ வை. உள்ளே போக வேண்டாம். தூக்குச் சட்டியைத் திண்ணையில் வைத்து, குரல் கொடுத்து, பதில் குரல் வந்த பிறகு நகரணும். பதில் வரவில்லை என்றால் அதுதான் தகவல்.

இரண்டாவது பணம். நம் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 29-ஆம் தேதி. நூறு நாள்கூட ஆகவில்லை, 2020 மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி. அதே மாதம் தொல்லியல் துறை நாடு முழுக்கச் சின்னங்களை மூடியது. மாமல்லபுரத்தில் சங்கு, பாசி மணி விற்றவர்கள், சிற்பப் பட்டறைக்குப் போனவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வருமானம் நின்றது. எல்லோரும் ஒரே நாளில் குழுவிடம் உள்கடன் கேட்டார்கள். குழுவில் பணம் ஏது? எல்லாம் கடனாக வெளியே நின்றது! கடன் கொடுத்தவர்களாலும் திருப்ப முடியாது. குழு நல்லா நடந்தாலும் அந்த நிலைமை வரும், அதில் யார் மேலும் தப்பு இல்லை.

ஆகையால் சேமிப்பில் தொடாத பங்கு ஒன்று இருக்கணும். பன்னிரண்டு பேர் குழு, ஆளுக்கு வாரம் இருபது ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் ஒரு வருஷத்தில் 12,480 ரூபாய். இதை உள்கடனுக்கு விடாமல் வங்கியில் போட்டு, "ஊரடங்கு, வெள்ளம், பெருந்தொற்று தவிர எடுப்பதில்லை" என்று தீர்மானம் எழுதுங்கள். இதை எதிர்க்கிறவர்கள் இருப்பார்கள். சும்மா கிடக்கிற பணத்துக்கு வட்டி போச்சே என்பார்கள். என் அபிப்பிராயம், அந்த வட்டி போனால் போகட்டும்.

2020-ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. நல்ல விஷயம். ஆனால் தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. நிறையப் பேர் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை அப்படி அறிவிப்பு வந்தால் ஊக்குநர்கள் வங்கியில் கேட்டு, எழுத்தில் வாங்கி, குழுவில் படித்துக் காட்டணும். தனியார் நிதி நிறுவனத்துக்காரர் ஊரடங்கில் வாசலில் வந்து நின்றால் ஒருத்தியாகப் பேசாதீங்க, குழுவாகப் பேசுங்க. கூட்டம் போட முடியாத காலத்தில் மரத்தடியில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் முடிக்கலாம். கையெழுத்துப் போடுகிற மூவரில் இருவர் படுத்துவிட்டால் பணம் எடுக்க முடியாது. மாற்று ஆள் யார், அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்பதை இப்போதே வங்கியில் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, ஒதுக்கி வைப்பது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். ஊருக்கு வைத்தியம் பார்த்த மனுஷனுக்கே அந்தக் கதி. காய்ச்சல் வந்த வீட்டைத் தெருவே ஒதுக்கினால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுக்காரி காய்ச்சலை மறைப்பாள். மறைத்துக்கொண்டே குழாயடிக்கு வருவாள், ரேஷன் வரிசையில் நிற்பாள். தள்ளி நிற்பது வேறு, தள்ளி வைப்பது வேறு. வாசலில் வைக்கிற கஞ்சி இதற்கும் மருந்து.

கோழி பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். புதுசா உருமாறுகிற ஃப்ளூ பல சமயம் பறவை, பன்றியில் இருந்துதான் கிளம்புகிறது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் அடிக்கடி வந்து, நம் எல்லையில் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். மனிதருக்கு அது ஒட்டுவது அபூர்வம், ஒட்டினால் கடுமை. 2021-ல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டில்லியில் அதனால் இறந்தான். நம் வீட்டுக் கோழி ஒன்றிரண்டு வெள்ளைக் கழிச்சலில் சாவது வழக்கம், அதற்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் திடீரென்று கும்பலாகச் செத்தால், வாத்தும் காக்காயும் சேர்ந்து செத்தால், கையால் தொடாதீர்கள், ஏரியில் வீசாதீர்கள், "சாகிறதுக்குள்ள அறுத்துடலாம்" என்று குழம்பு வைக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"அப்போ கோழிக்கறியே சாப்பிடக் கூடாதாம்மா?"

சாப்பிடலாம். நன்றாக வேக வைத்த கறியில், முட்டையில் கிருமி தாங்காது. அரை வேக்காட்டு முட்டை மட்டும் வேண்டாம். ஆபத்து நோயுள்ள கோழியைப் பிடிப்பதிலும் அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும்தான்.

"ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கா? போட்டால் பெருந்தொற்றுக்குப் பயம் இல்லையா?"

வருஷம் ஒரு முறை போடுகிற ஊசி இருக்கிறது. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போடணும். தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போடலாம். கர்ப்பிணிகளும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் முழுசா உருமாறி வருகிற புதுக் கிருமிக்குப் புது ஊசி வேண்டும். அது தயாராகி நம் ஊருக்கு வர மாதக்கணக்கில் ஆகும். கொரோனாவில் பார்த்தோமே, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2021 ஜனவரியில்தான் முதல் ஊசி. அந்த நடுக்காலத்துக்குத்தான் நான் இவ்வளவும் சொன்னது.

"கபசுரக் குடிநீர், நிலவேம்பு குடித்தால் போதாதா?"

குடிக்கிறவர்கள் சித்த மருத்துவர் சொன்ன அளவில் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. குடித்தாச்சு என்று மூச்சை எண்ணாமல் இருந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

"குழுவுக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்கலாம்னு பேசினோம். வாங்கினால் யார் வீட்டில் வைப்பது?"

எந்த வீட்டில் எப்போதும் ஆள் இருப்பாங்களோ, நடுராத்திரியில் கதவைத் தட்டினால் முகம் சுளிக்க மாட்டாங்களோ அங்கே. ஊக்குநர் வீட்டில்தான் வைக்கணும் என்று இல்லை. யார் எடுத்துப் போனாங்க, எப்போ திருப்பினாங்க என்று நோட்டில் எழுதுங்கள். நகப்பூச்சு, மருதாணி இருக்கிற விரலில் சரியாகக் காட்டாது, கை சில்லென்று இருந்தாலும் காட்டாது. தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ஒரு நிமிஷம் அசையாமல் வைத்திருந்த பிறகு எண்ணைப் பார்க்கணும். 94-க்குக் கீழே போனால் டாக்டரிடம் போங்கள், 90-க்குக் கீழே என்றால் 108. திருப்பி வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் முக்காதீங்க, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். வேலை இல்லாத காலத்தில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து கருவி வீணாகிவிடும்.